முன் சீட்டு

சோதனைச்சாவடிக் கம்பைத் தூக்குவதற்கு முன்னால் வனக்காவலர் அழகுபாண்டி பதிவேட்டோடு ஜீப்பின் வலதுபக்கம் வந்தார். வண்டி எண்ணை அவர் பார்க்கவே இல்லை. வருடக்கணக்காக எழுதிக் கை பழகிய எண். "டிரைவர் பேரு?" என்று கேட்டபடி நிமிர்ந்தவர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்னைக் கண்டதும் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பின்னால் இரண்டு அரிசி மூட்டைகளும் ஒரு ஸ்டெப்னியும்தான் இருந்தன.

"டிரைவரு எங்கம்மா, டீக்குடிக்கப் போயிருக்காரா?"

"நாந்தேன் டிரைவரு. எழுதுங்க, கனகலட்சுமி. திருப்பரங்குன்றம். சுருளி சம்சாரம்."

பேனா நின்றுவிட்டது. "சுருளியண்ணே வீட்டம்மாவா" என்று சொல்லிவிட்டு என் லைசென்ஸை வாங்கி, போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு மாதமே ஆன லைசென்ஸ். ஐம்பத்திரண்டு வயதில் எடுத்த போட்டோ. "மேல ஜல்லி ரோடும்மா. பதினெட்டு கிலோமீட்டரும் காடு. நேத்துக்கூட ஆறாவது வளைவுல ஆனை நின்னுருக்கு. தொணைக்கு யாராச்சும்..." என்று அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே இடதுபக்கக் கதவு திறந்தது.

அந்தக் கதவு சும்மா இழுத்தால் திறக்காது. கைப்பிடியை லேசாக மேலே தூக்கி, முழங்காலால் கீழே ஒரு தட்டுத் தட்டி, அதற்குப் பிறகுதான் இழுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. முனீஸ்வரி பேச்சை நிறுத்தாமலே அதைச் செய்தாள். "தொணைக்கு நான் இருக்கேன்லண்ணே, என்னைய என்ன கணக்குல வச்சிருக்கீக? கம்பத் தூக்குங்க, ஊசி மருந்து சூடாகுது." தடுப்பூசி வைத்த நீல ஐஸ் பெட்டியை இரண்டு பாதங்களுக்கும் நடுவே வைத்து, சேலையை ஒதுக்கி, முதுகைச் சாய்த்தாள். நான் உட்கார்ந்தால் கிறீச்சென்று கத்துகிற சீட்டு அவளுக்கு ஒரு சத்தமும் போடவில்லை. கையை நீட்டி நடுக் கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். பிறகு, நான் என்னமோ அவள் வண்டியில் ஏறிக்கொண்டவள் மாதிரி, "போவமா மதினி?" என்றாள்.

நான் கண்ணாடியை என் பக்கம் திருப்பிவிட்டு கிளட்ச்சை விட்டேன்.

முனீஸ்வரி கிராமச் சுகாதாரச் செவிலியர். புதன்கிழமை தோறும் மலைமேல் இருக்கும் பந்தல்பாறைக்கு ஊசி போடப் போகிறவள். அடிவாரம் வரை பஸ், அதற்கு மேல் என் வீட்டுக்காரர் ஓட்டிய இந்த ஜீப். ஒன்பது வருடப் புதன்கிழமைகள். எத்தனை என்று ஒருநாள் நூலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்; விடுமுறை, மழை எல்லாம் கழித்தும் நானூறுக்கு மேல் வந்தது. பசுமலையில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் உதவியாளர். புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிற கைக்கு இப்படியும் ஒரு வேலை கிடைத்தது.

சுருளி திங்கட்கிழமை விடியும் முன் கிளம்பினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். போறேன் என்று சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நிலைக்கதவை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். அடுப்படியில் இருக்கும் எனக்கு அது கேட்கும். எந்த வேலையை முடித்தாலும் அந்த இரண்டு தட்டு உண்டு, சாப்பிட்டு எழுந்தால் தட்டின் ஓரத்தில், பேசி முடித்தால் போன்மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காய் நறுக்கிக்கொண்டே அந்த வாரம் படித்த கதைகளைச் சொல்வேன். அவர் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியிருப்பார். தூங்கிட்டீகளா என்றால் ம்ஹூம் என்பார். அதைத் தவிர அந்த மனிதரிடமிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வாங்குவது பெரிய பாடு.

கல்யாணமான இரண்டாவது வாரம் என்னை இந்த ரோட்டுக்குக் கூட்டி வந்தார். புதுப்பெண்ணுக்குக் காட்டைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மூன்றாவது வளைவில் அவருடைய கல்யாணச் சட்டையிலேயே வாந்தி எடுத்தேன். ஐந்தாவது வளைவில் வண்டியை விட்டு இறங்கி ஒரு பாறையில் படுத்துக்கொண்டு, என்னைய இங்கயே விட்டுட்டுப் போயிருங்க என்று அழுதேன். அவர் வண்டியைத் திருப்பினார். "ஒனக்கு இந்த ரோடு ஆகாது கனகம்" என்றார். அதற்கு அப்புறம் இருபத்தாறு வருடம் அந்தப் பேச்சே இல்லை. அவருடைய வாரத்தில் ஆறு நாள் எந்த இடத்தில் கழிந்ததோ அந்த இடத்தை நான் ஐந்தாவது வளைவு வரைதான் பார்த்திருக்கிறேன்.

போன பங்குனியில் இறந்தார். இத்தனை வளைவுகளில் ஒன்றும் ஆகாத மனிதர், பந்தல்பாறைக் கோயில் திருவிழாவுக்குப் பூ வாங்கப் போன இடத்தில், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வாசலில், மல்லிகைப் பையைத் தோளில் போட்டபடி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இழவுக்கு மலையிலிருந்து இரண்டு வண்டியில் ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு முனீஸ்வரி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் விழுந்து, "ஒம் பக்கத்துலயே ஒக்காந்து வந்தவளுக்கு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியேண்ணே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் எல்லாரும் ஒரு நிமிடம் அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்கள். என் நாத்தனார் மலையம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு அந்த இடத்தில் வந்தது துக்கம் இல்லை. ஒம் பக்கத்துலயே என்ற அந்த வார்த்தை காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

தப்பாக ஏதாவது இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்க முடிந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், லேசாகப் போயிருக்கும். அவளுக்கு உசிலம்பட்டியில் வீடு, திருப்பூரில் வேலை பார்க்கும் புருஷன், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாம் விசாரித்துவிட்டேன். எனக்கு எரிந்தது அந்தச் சீட்டைப் பற்றி. காரியம் முடிந்து ஜீப்பைக் கழுவச் சாவியைப் போட்டு உள்ளே உட்கார்ந்த அன்று நடுக் கண்ணாடியைப் பார்த்தேன். அது பின்னால் வரும் ரோட்டைக் காட்டவில்லை. இடதுபக்க முன் சீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

பந்தல்பாறைக்காரர்கள் ஜீப்பைத் தங்களுக்கே தந்துவிடும்படி கேட்டார்கள். அவர்களில் சிவக்குமார் என்பவர் லைசென்ஸ் எடுத்திருந்தார். நான் வந்து எடுத்துக்கிறேன் அக்கா, நீங்க அலைய வேணாம் என்று போனில் சொன்னார். கோயம்புத்தூரில் இருக்கிற என் மகள் பவதாரிணியும் அதையே சொன்னாள். "நீ ஏம்மா? பஸ்ல பழனிக்குப் போகவே நாலு எலுமிச்சம்பழம் கேப்ப." நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லி ஒரு வருடம் தவணை கேட்டேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதற்குக் காரணம் நாஸியா. பசுமலையில் பெண்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள், என் நூலகத்துக்கு வாரப் பத்திரிகை படிக்க வருவாள். என் வாந்திக் கதையை ஒருநாள் சொன்னபோது சாதாரணமாகச் சொன்னாள். "அட, ஓட்டுறவங்களுக்கு வாந்தி வராதுக்கா. வண்டி எங்கிட்டுத் திரும்பப் போகுதுன்னு கைக்கு முன்னாடியே தெரிஞ்சிருதுல்ல. பக்கத்துல சும்மா ஒக்காந்திருக்கவங்களுக்குத்தேன் கொடலப் பெரட்டும். எங்க வாப்பாவுக்கே அப்படித்தான், நான் ஓட்டுனா வாந்தி, அவரு ஓட்டுனா ஜம்முனு வருவாரு." எனக்குக் கையிலிருந்த பசை பாட்டில் சாய்ந்துவிட்டது. ஒரு புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை. மறுநாளே அவளிடம் சேர்ந்தேன். முதலில் அவளுடைய சின்னக் காரில், பிறகு இந்த ஜீப்பில். கண்மாய்க் கரையிலும் மண் மேடுகளிலும் ஏற்றி இறக்கிப் பழக்கினாள். யா அல்லா, இது வண்டியா எருமையா என்பாள்.

ஆக, ஒரே ஒரு தடவை. மேலே கொண்டுபோய்ச் சாவியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அதற்குள் அந்தச் சீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் புதன்கிழமையாகப் பார்த்து வந்தேன்.

முதல் இரண்டு கிலோமீட்டர் உசிலை மரமும் கள்ளியும். அதுவரை வெயில். பிறகு மரங்கள் உயர்ந்து இரண்டு பக்கமும் கூடிக்கொண்டன, சக்கரத்துக்கு அடியில் ஜல்லி நறநறவென்று அரைபட்டது. ரோடு என்று சொல்கிறார்களே தவிர, அது மழை அரித்த இரண்டு தடங்களும் நடுவில் புல் முளைத்த ஒரு முதுகும்தான். மூன்றாவது வளைவில் என் வயிற்றைக் கவனித்தேன். ஒன்றும் இல்லை. ஐந்தாவது வளைவில் அந்தப் பாறை அப்படியே கிடந்தது, நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது. அதைத் தாண்டியபோது எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் பக்கத்தில் முனீஸ்வரி இருந்தாள்.

"இங்க செகண்டு போட்ருங்க மதினி. அண்ணே அந்த இலவ மரம் வரும்போதே போட்ரும்."

போட்டேன்.

"இனிக் கொஞ்சம் எறக்கம், பிரேக்கத் தொடாதீங்க. கியர்லயே எறங்கட்டும். ஜல்லியில பிரேக்கப் போட்டா வண்டி சறுக்கிக்கிட்டுப் போயிரும்னு அண்ணே சொல்லும்."

"எனக்கும் சொல்லிக் குடுத்திருக்காக" என்றேன். நாஸியாதான் சொல்லிக்கொடுத்தாள். அவர் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு அண்ணே இருந்தார். இந்த இடத்தில் அண்ணே இரண்டு ஹாரன் அடிக்கும், இந்த இடத்தில் அடிக்காது, காட்டுமாடு மிரளும். இந்தக் கடுக்காய் மரத்தடியில் அண்ணே தண்ணீர் குடிக்கும். மரத்தின் உச்சியில் ஒரு மலை அணில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது. அதைக்கூட அவள் முதலில் பார்த்தாள். இருபத்தாறு வருடம் அவருடைய சட்டையைத் துவைத்தவளுக்கு, அவர் எந்த மரத்தடியில் தண்ணீர் குடித்தார் என்று இன்னொருத்தி சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து உள்ளங்கை வலித்தது.

"எப்பயும் பேசாமத்தேன் வருவாரா?" என்று கேட்டேன்.

முனீஸ்வரி சிரித்தாள். "யாரு, அண்ணனா? வாயி ஓயாது மதினி. ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் கததேன். அந்தக் கப்பல்காரன் பொண்டாட்டி கத, மூணு பிள்ளைகளுக்கும் ஒரே பேரு வச்சவ கத... பின்னாடி ஒக்காந்திருக்க சனமெல்லாம் அப்புறம் என்னண்ணே, அப்புறம் என்னண்ணேன்னு கேக்கும். பந்தப்பாற வந்துருச்சுன்னா, மிச்சம் அடுத்த வாரம்னுரும். நீங்க சொல்ற கதையாமுல்ல எல்லாம்? எங்க வீட்ல ஒரு லைப்ரரியே இருக்குன்னு சொல்லும்."

கண்ணை மூடிப் படுத்திருந்தவர் அவ்வளவையும் கேட்டிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது, நான் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்ன கதைகளைக்கூட இவள் அல்லவா அவர் குரலில் கேட்டிருக்கிறாள் என்பதுதான். கதைகூட வந்திருக்கிறது இந்த ரோட்டுக்கு. நான் வரவில்லை.

பத்தாவது வளைவுக்கு மேலே தழைச்சாமி. சிலை கிடையாது, கல்கூடக் கிடையாது. ஒரு வேங்கை மரத்தடியில் காய்ந்தும் காயாமலும் இலைக் குவியல் மட்டும். காட்டுக்குள் போகிறவர்கள் தலைக்கு ஒரு பச்சைத் தழை ஒடித்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். போட்டால் சாமி வழிவிடும். ஆனால் சாமி உட்கார்ந்திருக்கும் இடம் செங்குத்தான ஏற்றம். இந்த ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காது, ஏற்றத்தில் இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது. ஆகையால் ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்க, முன் சீட்டில் இருப்பவர் குதித்து இறங்கி, பின் சக்கரத்துக்கு அடியில் அடைக்கட்டை கொடுத்துவிட்டு, எல்லாருக்குமாகத் தழை போட்டுவிட்டு வர வேண்டும். முன் சீட்டு என்றால் அதுதான் வேலை. இதெல்லாம் முனீஸ்வரி அங்கே நிற்கும்போதுதான் சொன்னாள். சொல்லிக்கொண்டே குனிந்து சீட்டுக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினாள்.

"கட்டைய எங்க மதினி?"

"என்ன கட்ட?"

"அடைக்கட்ட. முக்கோணமா, கறுப்பா இருக்குமே. இங்கதேன கெடக்கும்."

கழுவியபோது அதைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தது நான்தான். ஏதோ உடைந்த மரத்துண்டு என்று நினைத்து, காற்றில் அடித்துக்கொள்ளும் அடுப்படிக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒரு வருடமாகத் தினமும் காலால் தள்ளிப் போடுகிறேன்.

"வீட்ல இருக்கு" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, வண்டி ஒரு முழம் பின்னால் போனது. ஜல்லி சக்கரத்துக்கு அடியில் உருண்டது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்திருந்தேன், ஆனாலும் சறுக்கியது. இடதுபக்கம் பள்ளம். மூங்கில் முனைகள்தான் தெரிந்தன, அடி தெரியவில்லை.

முனீஸ்வரி கதவைத் திறந்து குதித்துவிட்டாள். "காலை எடுத்துறாதீங்க மதினி! ஸ்டியரிங்க மேட்டுப் பக்கம் ஒடிச்சுப் பிடிங்க! மேட்டுப் பக்கம்!" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. அவளைப் பார்க்கக் கண்ணாடியில் தேடினேன். காணவில்லை. இன்னொரு சாண் போனது வண்டி. அவள் வண்டிக்குப் பின்னால் நிற்கிறாள் என்பதும், என் கால் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். டம் என்று ஒரு சத்தம், இன்னொரு டம். வண்டி நின்றது.

கையெல்லாம் மண்ணாக முன்னால் வந்தாள். விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம். "ரெண்டு கல்லு குடுத்திருக்கேன். இப்ப லேசா விட்டுப் பாருங்க... ஆங், நிக்குது." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "வீட்ல எதுக்கு மதினி அந்தக் கட்ட?"

"கதவுக்கு வச்சிருக்கேன்."

"கதவுக்கா!" இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். "அது வேங்கக் கட்ட மதினி. ஒரு மழைக்கு இந்தா இந்த மரத்துக் கெள முறிஞ்சு விழுந்துச்சு. நானும் அண்ணனும் ஒரு மணி நேரமா ஒக்காந்து வெட்டுனோம். ஆளுக்கொரு பக்கம் செதுக்குனது."

ஆளுக்கொரு பக்கம். ஒரு வருடமாக என் அடுப்படிக் கதவை அவள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் போய்த் தழை ஒடித்தாள். நாங்கள் இரண்டு பேர். அவள் மூன்று கொத்துப் போட்டாள். மூன்றாவது யாருக்கு என்று எனக்குத் தெரிந்தது. அது எனக்குத் தோன்றாமல் அவளுக்குத் தோன்றிவிட்டதே என்று மட்டும் இருந்தது. நான் இறங்க முடியாது. பிரேக்கில் இருந்தேன்.

மறுபடி ஏறி உட்கார்ந்ததும் பழக்கத்தில் அவள் கை நடுக் கண்ணாடிக்குப் போயிற்று. என்னைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"அதை எதுக்கு அங்கிட்டுத் திருப்புற?" என்று கேட்டேன். ஒரு வருடமாகக் கேட்க நினைத்தது. குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

"பின்னால வவுத்துப் பிள்ளக்காரிகளப் படுக்க வச்சுக் கூட்டியாருவோம்ல. நான் திரும்பித் திரும்பிப் பாத்தா எனக்கு வாந்தி வந்துரும். அதுனால கண்ணாடிய ஒம் பக்கமாத் திருப்பி வச்சுக்கன்னு அண்ணே சொல்லிருச்சு. தனக்கு எதுக்கு, சைடு கண்ணாடி போதும்னுரும்."

சொல்லிவிட்டு விரலைச் சேலை நுனியால் சுற்றிக்கொண்டாள். நான் வண்டியை ஏற்றத்தில் எடுத்தேன். ஏறிவிட்டோம். மேலே மூங்கில் காடு, ரோடு ஓரளவு சமமாக ஓடியது. யானைச் சாணம் வழியெல்லாம் கிடந்தது, பழையது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்கு எட்டியது.

"ஒனக்கும் வாந்தி வருமா?"

"வருமாவா? மொத ஆறு மாசம் கொடலு வாயிக்கு வந்துரும் மதினி. வேலைய விட்டுட்டுப் போயிரலாம்னு எழுதிக்கூட வச்சிருந்தேன். அப்புறம் ஒரு நா, இந்த மூங்கிக் காட்டுலதேன், அண்ணே வண்டிய நிப்பாட்டுச்சு. எறங்கு முனீசு, இங்கிட்டு வந்து ஒக்காரு, ஓட்டுறவனுக்கு வாந்தி வராதுன்னுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆனா எறங்குனேன். அன்னைக்கிருந்து இங்கன தொட்டு மேல ஓடை வரைக்கும் மூணு கிலோமீட்டரு நாந்தேன் ஓட்டுவேன். அந்த வருசமே வாந்தி நின்னு போச்சு." உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கு அண்ணே அதச் சொல்லலையா மதினி?"

ரோட்டில் மூங்கில் நிழல் கோடு கோடாக விழுந்திருந்தது. அதன்மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாஸியா சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை, என் வீட்டிலேயே தரையில் மல்லாந்து படுத்திருந்திருக்கிறது அந்த மருந்து. அதை இவளுக்குக் கொடுத்தார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி நில்லுடி என்று சொல்லியிருப்பேன். அப்போதுதான் திருப்பரங்குன்றத்தின் மலையைச் சுற்றிப் போகிற ரோடு ஞாபகம் வந்தது. பவதாரிணிக்கு அப்போது மூன்று வயது, பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். காலை நேரம், ரோட்டில் ஆளே இல்லை. அவர் காரணமில்லாமல் ஜீப்பை நிறுத்தி, சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "இங்கிட்டு வந்து ஒக்காரேன்" என்றார். எதுக்கு என்றேன். "சும்மா. ஓட்டிப் பாரு." எனக்கெதுக்கு அந்த வேல, நாலு பேரு பாத்தா சிரிக்க மாட்டாகளா, கதவச் சாத்துங்க, பிள்ளைக்கு வெயில் அடிக்குது என்றேன். அவர் சிரித்தார். பேனட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். ஏன் கேட்டார் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இதற்காகத்தான் கேட்டாரா, இல்லை வெறும் விளையாட்டா, அது எனக்கு இன்றைக்கும் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

எறங்கு என்று அவர் சொன்னபோது இவள் இறங்கியிருக்கிறாள்.

"சொன்னாக" என்றேன் முனீஸ்வரியிடம்.

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ரோடு ஒரு திறந்த இடத்துக்கு வந்தது. கீழே, வந்த வழியெல்லாம் தெரிந்தது. அதற்கும் அப்பால் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் சமவெளி, கண்மாய்த் தண்ணீரின் மினுமினுப்பு. அங்கே எங்கோதான் மதுரை. நான் பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினேன்.

"என்ன மதினி, வாந்தி வருதா?"

"இல்ல. எறங்கி இங்கிட்டு வா. நீ ஓட்டு."

"நானா? நல்லாத்தான ஓட்டுறீக. ஓடைக்கு இன்னும் ரெண்டு வளைவுதேன்..."

"ஓடை வரைக்கும் நீதான ஓட்டுவ. ஓட்டு."

இறங்கினேன். வண்டியைச் சுற்றிக்கொண்டு எதிரும் புதிருமாக நடந்தோம், பேனட்டுக்கு முன்னால் ஒருவரையொருவர் தாண்டினோம். கைப்பிடியைத் தூக்கி, முழங்காலால் தட்டி, அந்தக் கதவைத் திறந்து ஏறிச் சாத்திக்கொண்டேன். சீட்டு கிறீச்சென்றது. ஐஸ் பெட்டி காலை இடித்தது. என் கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு எலுமிச்சம்பழம், அதுவரை தேவைப்படாதது.

முனீஸ்வரி கண்ணாடியைத் தொடவில்லை. இடது கையை கியர் கம்பியின்மேல் வைத்தாள், வலது முழங்கை ஜன்னல் விளிம்பில் ஏறிக்கொண்டது. அப்படித்தான் அவர் வைப்பார். எங்கள் தெருவில் வண்டி திரும்பும்போது நூறு தடவை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். முதல் கியர். வண்டி நகர்ந்தது. இரண்டாவது. போட்டு முடித்ததும் அவள் உள்ளங்கை, அவளுக்கே தெரியாமல், கியர் கம்பியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டியது.

நான் அந்தக் கையையே பார்த்தேன். தோல் உரிந்த முட்டி, சுற்றிய சேலை நுனி, மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையல். முதல் வளைவு வந்தது. கியர் குறைந்தது, வண்டி முக்கி ஏறியது, திரும்பவும் இரண்டு தட்டு. அடிவயிற்றில் ஏதோ புரண்டு மேலே வந்தது. நாக்குக்கு அடியில் உப்புத் தண்ணீர் ஊறியது. ரோட்டப் பாருங்க மதினி, தூரமாப் பாருங்க, சரியாப் போயிரும் என்று முனீஸ்வரி சொல்லிக்கொண்டிருந்தாள். நிப்பாட்டவா, நிப்பாட்டவா என்றாள். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ரோட்டைப் பார்க்கவில்லை. அடுத்த வளைவுக்கு அந்தக் கை எழுந்துகொண்டிருந்தது.